பக்கம் புரட்டுகிறவள் யார்?

கேள்வி: நான் புதுச்சேரியில் ஒரு பங்குக் கோவிலில் 34 வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். வயது 63. புதுச்சேரி, கடலூர் கோவில்களில் வாசிக்கும் பதினோரு பேர், கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ. என்ற பேதமில்லாமல் வருடத்துக்கு இரண்டு முறை கூடுவோம். பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்து ஒரு சனிக்கிழமை, நவம்பரில் இசைக்காரர்களின் பாதுகாவலி புனித செசிலியா திருநாளை ஒட்டி ஒரு சனிக்கிழமை. ஆளுக்கு ஒன்று வாசிப்போம். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பாடுவோம். வரும் நவம்பர் கூட்டம் கடலூரில். இந்த முறை ஒவ்வொருவரும் ஒரு புதியவரை அழைத்துவந்து வாசிக்க வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அப்படி யாருமில்லை. மகனுக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஷிப்ட். இசையில் நாட்டமும் இல்லை. கொயர் பையன்களுக்கு ரிதம் போடவும் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தவும்தான் தெரியும். பக்கம் புரட்டக்கூட ஆறு வருடமாக மருமகள்தான் வருகிறாள். கடலூர் லுத்தரன் குடும்பத்துப் பெண், கல்யாணத்துக்காகக் கத்தோலிக்கத்துக்கு வந்தவள். நான் தலையசைக்கும் முன்பே புரட்டிவிடுவாள். பக்கங்களின் மூலையை வேறு மடித்துவைத்துப் புத்தகத்தைப் பாழாக்குகிறாள். நான் இஸ்திரிப் பெட்டி வைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். கடலூர் போவதாக இருந்தால் வழியில் அவளை அம்மா வீட்டில் இறக்கிவிட்டுப் போகலாம். ஆனால் வெறுங்கையோடு போய் நிற்க அவமானமாக இருக்கிறது. இந்தக் கூட்டத்திலிருந்து விலகிக்கொள்வதுதானே மரியாதை?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுச்சேரி

பதில்:

ஐயா,

"எனக்குப் பிறகு யாருமில்லை" என்று எனக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. நாதஸ்வரம் வாசிக்கிறவர் எழுதியிருக்கிறார். சிலை வார்க்கிறவர் எழுதியிருக்கிறார். ஊறுகாய் போட்டு மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். காலம் மாறிவிட்டது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்களில் யாருக்கும் நான் பதில் எழுதியதில்லை. உங்களுக்கும் எழுதப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் மருமகளுக்கு ஒதுக்கியது நாலைந்து வரி. அதுவும் குறையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த வரிகளை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தலையசைக்கும் முன்பே புரட்டுகிறாள் என்கிறீர்கள். 34 வருடம் வாசித்தவருக்கு அதன் அர்த்தம் நான் சொல்லியா தெரிய வேண்டும்? வாசிக்கிறவரின் கண் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும். பக்கத்தின் கடைசி தாளக் கட்டம் விரலில் இருக்கும்போதே கண்ணுக்கு அடுத்த பக்கம் தேவைப்படும். நோட்ஸ் படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் நின்றால் அவருக்கு உங்கள் தலையசைப்பு வேண்டும். தெரிந்தவருக்கு எதற்கு? அவள் உங்களோடு சேர்ந்து படிக்கிறாள். உங்கள் கண் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேகமான பாட்டில் முந்தியும் நிதானமான பாட்டில் சற்றுப் பிந்தியும் அவள் கை வருகிறதா இல்லையா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவனித்துப் பாருங்கள்.

அந்த மடித்த மூலையைச் சொல்கிறேன். வலப்பக்கத் தாளின் மேல் மூலையைக் காது மாதிரி சின்னதாக மடித்துவைத்தால், புரட்டுகிறவர் இடப்பக்கம் நின்றபடி, வாசிக்கிறவரின் கண்ணை மறைக்காமல், மேலாகக் கையை நீட்டி ஒரே பிடியில் தாளை எடுத்துவிடலாம். விரல் தடவாது. இரண்டு தாள் சேர்ந்து வராது. ஐப்பசி கார்த்திகையில், கடற்காற்று அடிக்கிற ஊரில், தாள் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். நின்று நின்று பழகியவர்களுக்கு மட்டுமே தெரிந்த வேலை இது. தானாக வருவதில்லை. யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

யார்?

உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஐயா. மகனின் கம்பெனி எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொயர் பையன்கள் எந்தப் பட்டனை அழுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தோளை ஒட்டி ஆறு வருடம் நின்ற பெண் எங்கே, யாரிடம் படித்தாள் என்பது இல்லை. ஏனென்றால் நீங்கள் கேட்கவே இல்லை. அவள் கொடுத்த அடையாளத்தைச் சூடு வைத்து அழித்துக்கொண்டிருந்தீர்கள்.

கடலூர் லுத்தரன் குடும்பம் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குத் தலைமையிடமே கடலூர்தான். 1706ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து, ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொல் வைத்துப் பாடிப் பழகியது தமிழ் லுத்தரன் மரபு. ஒரு பக்கம் ஞானப்பாட்டு, இன்னொரு பக்கம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனை. ஸ்வரங்களை எழுத்தில் குறிக்கும் சோல்ஃபாவைப் பார்த்து நாலு குரலாகப் பிரித்துப் பாடுகிற பெரியவர்கள் இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சாயங்கால ஜெபத்தில் அப்பா அடிக்குரலில் பேஸ், பெண்கள் ஆல்ட்டோ, கடைக்குட்டி எதையாவது பிடித்துக்கொள்ளும். எல்லா லுத்தரன் வீடும் அப்படி என்று சொல்லவில்லை. உங்கள் சம்பந்தி வீடு அப்படி இருந்திருக்குமோ என்று உங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

நான் இவ்வளவு கோபப்பட ஒரு காரணம் உண்டு. கடலூர் முதுநகர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கோவிலில் ஒரு பெரியவர் கால் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் தவக்காலத்தின் நடுவில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். உங்களுக்குத் தெரியும், பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் என்ற துதிப்பாட்டு முடிந்ததும் வாத்தியம் அடங்கிவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டை. பிறகு பாஸ்கா இரவில் அதே வானவர் கீதத்துக்குத்தான் எல்லா மணியும் அடித்து, ஆர்மோனியம் முழுத் தொண்டையில் திறக்கும். இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு வருகிற அந்த முதல் ஸ்வரத்துக்காகவே நான் கண்விழித்துப் போவேன். அந்த வருடம் மணி அடித்தது, ஜனங்கள் பாடினார்கள், ஆர்மோனியம் உறை மூடியபடியே இருந்தது. எனக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவருடைய தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் முந்தானைமேல் அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதற்றம் என்று நினைத்தேன். பல வருடம் கழித்து ஒரு சாவு வீட்டில் வைத்துச் சொன்னாள், கல்யாணத்துக்கு முன் கான்வென்ட்டில் ஏழு வருடம் பியானோ படித்தாளாம். "அன்னிக்கு ஏன்டி போய் உக்காரல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே அக்கா. கேக்காம எப்படிப் போய் உக்கார்றது?" என்றாள்.

அந்த இரவு அவள் விரலைப் பார்த்தவள் நான். நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெண்கள் ஆர்கனில் உட்காரும் வழக்கம் எங்கள் கோவிலில் இல்லை என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் (பத்தாம் பயஸ்) கோவில் இசையைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பாடகர் குழு செய்வது திருவழிபாட்டுப் பணி, ஆகவே பெண்களுக்கு அதில் இடமில்லை என்றது அது. தேதி 1903 நவம்பர் 22. நீங்கள் கூடுகிற அதே செசிலியா திருநாள். பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ல் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார். இன்று உங்கள் கொயரில் பாதிக்கு மேல் பெண்களாக இருப்பார்கள். திருச்சபையே தளர்த்திவிட்ட பூட்டை உங்கள் பெஞ்சில் மட்டும் ஏன் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?

செசிலியாவின் கதையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருந்தபோது அந்த மணப்பெண் தன் மனசுக்குள் ஆண்டவரைப் பாடினாள் என்பதுதான் பழைய வரலாறு. அந்த ஒரு வரியால்தான் அவள் இசைக்காரர்களின் பாதுகாவலி ஆனாள். வாழ வந்த வீட்டில் வாய் திறக்காமல் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, செசிலியா திருநாளுக்குப் போக ஆளில்லை என்கிறீர்கள்.

ஒரு பெண்ணை மருமகளாகக் கூட்டிவருகிற வீட்டுக்கு முதல் கடமை, அவள் என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வது. நான் இதில் பழைய காலத்து மனுஷி. எத்தனை பவுன் என்று நம் வீடுகளில் விசாரிக்கத் தெரிகிறது. பீரோ, கட்டில், வண்டி எல்லாம் எண்ணத் தெரிகிறது. அவள் கையிலும் தொண்டையிலும் என்ன வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. உங்கள் மருமகள் உங்கள் மகனுக்காகத் தன் சபையை விட்டு வந்தவள். சபையை விடுவதென்றால் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாடிய பாட்டை எல்லாம் விடுவது. அவ்வளவையும் இறக்கி வைத்துவிட்டு வந்தவளை, புத்தகத்தைக் கசக்குகிறாள் என்று ஒரு பத்திரிகைக்குப் புகார் எழுதுவது ஒரு மாமனார் செய்கிற காரியமா?

அம்மா வீட்டில் இறக்கிவிடுவது என்ற யோசனையைத்தான் என்னால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோவில் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி அவள் ஊருக்கே போகிறீர்கள். புது ஆள் வேண்டும் என்று கேட்கும் கூட்டத்துக்கு. வழியெல்லாம் பக்கத்து ஸீட்டில் அவள் இருப்பாள். கடலூர் வந்ததும் அவளை இறக்கிவிட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்தேன் என்று போய்ச் சொல்லப் போகிறீர்களா?

கொயர் பையன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் மட்டும்தான் தெரியும் என்றால், 34 வருடம் அதே மாடியில் இருந்த நீங்கள் வேறு எதையும் சொல்லித்தரவில்லை என்று பொருள்.

கூட்டத்திலிருந்து விலகக் கூடாது. விலகுவது மரியாதை இல்லை, ரோஷம். உங்கள் நண்பர்கள் எடுத்த முடிவு நியாயமான முடிவு. பதினோரு பேர் வருடத்துக்கு இருமுறை கூடி, ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டு, சாப்பிட்டு, சேர்ந்து பாடிக் கலைவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பதினோரு பேருக்கும் சேர்ந்தே வயதாகிறது. உங்கள் கூட்டத்தில் ஒரே கிறிஸ்துமஸ் மெட்டுக்குக் கத்தோலிக்கர் ஒரு தமிழும் மற்றவர்கள் ஒரு தமிழும் பாடி, நடுவில் சொல் இடித்துச் சிரிப்பு வந்திருக்கும். இரண்டு தமிழும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

இனி செய்ய வேண்டியது. சொந்தக்காரர் முன்னால் கேட்காதீர்கள். சாப்பாட்டு மேஜையில் பரீட்சை வைக்கிற மாதிரியும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் காலியாகட்டும். நீங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருங்கள். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் இருங்கள். உட்காரச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் திருத்த வேண்டாம். ஆறு வருடம் நின்ற கால், உட்கார்ந்ததும் பெடலைத் தேடும். "வேண்டாம் மாமா" என்று அவள் சொல்லவும் கூடும். ஆறு வருடம் கேட்காததற்கு அவள் ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்கள் முகத்தைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டால் காரியம் கெட்டது. அதனால் கடலூர்ப் பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.

சம்மதித்தால் கை பழக அவளுக்கு நேரம் வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அடுப்பை உங்கள் மனைவியும், ஷிப்ட் இல்லாத நாளில் மகனும் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும் காய் நறுக்கலாம். வாரநாள் காலைப் பூசையில் ஒரு பாட்டு கொடுத்துத் தொடங்குங்கள். கூட்டம் முடிந்ததும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் திருவருகைக் காலம் வரும்; அதில் ஆர்கன் அடக்கமாகவே ஒலிக்க வேண்டும் என்பது முறை, ஆகவே புதுக் கைக்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது. பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே நீங்களே போய்ப் பேசுங்கள். அவளைப் பேச விடாதீர்கள், அது உங்கள் வேலை.

இஸ்திரிப் பெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். நிமிர்த்திய பக்கங்களை அவளிடமே கொடுத்து, மறுபடி மடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கூட்டம் எப்படி நடந்தது என்று எழுத வேண்டாம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று மட்டும் எழுதுங்கள்.