எச். பைலோரி பாசிட்டிவ்: நான்கே நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. வயிற்றெரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்ததில் ‘எச். பைலோரி பாசிட்டிவ்’ என்று வந்தது. 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். வாய்க்கசப்பு தாங்காமல் நான்கே நாளில் நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் பாசிட்டிவ். என் மாமனார் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். இவருக்கும் வந்துவிடுமா?
– தேனி வாசகி

பதில்: முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். உலகில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் எச். பைலோரி என்ற இந்தக் கிருமி குடியிருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டுக்குள் தொற்றிவிடும். அவர்களில் புற்றுநோய் வரை போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர்தான்.

அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. இந்தக் கிருமி வருடக்கணக்கில் இரைப்பையின் உட்சவ்வை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. நெல் பட்டுப்போன வயலில் கோரை முளைப்பதைப் போல, அந்த இடத்தில் குடலுக்குரிய செல்கள் முளைக்கின்றன. அவற்றில் சில, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றாகின்றன. ஜப்பானில் சுமார் எட்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

இப்போது அந்த ரத்தப் பரிசோதனை. அதை யார் எடுக்கச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னால் ஊகிக்க முடிகிறது. மருத்துவமனை வாசலிலேயே கமிஷனுக்கு ஆள் பிடித்து, ‘முழு உடல் பரிசோதனை’ என்று மொத்தமாகத் தலையில் கட்டுகிறார்கள். ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி செத்து ஒரு வருடம் ஆன பிறகும் அது பாசிட்டிவ் என்றே காட்டலாம். என்னிடம் ஒருவர் மஞ்சள் பையில் மூன்று ரத்த அறிக்கைகளோடு வந்தார். மூன்றும் பாசிட்டிவ், அவற்றை நம்பி மூன்று முறை ஆன்டிபயாட்டிக் தின்றிருக்கிறார். மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்தால் கிருமியே இல்லை! சிகிச்சைக்குப் பிறகு செய்ய வேண்டியது யூரியா மூச்சுப் பரிசோதனை, அல்லது மலத்தில் கிருமியைத் தேடும் பரிசோதனை. ஆன்டிபயாட்டிக் முடிந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு முன்பே கேஸ் மாத்திரையையும் நிறுத்த வேண்டும். பான்டோப்ரசோல் போன்றவை கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிடும். இதைச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வாய் கசக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் உங்கள் கணவர் மாத்திரையை நிறுத்தியிருப்பாரா?

நான்கு நாளில் நிறுத்தியதால் கிருமி பெரும்பாலும் ஒழிந்திருக்காது. மிஞ்சியது அந்த மருந்துக்கு மசியாததாகவும் மாறியிருக்கலாம். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்காதீர்கள். பாதியில் விட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு கூட்டு மருந்து தருவார். அதில் பிஸ்மத் என்ற மருந்து இருந்தால் மலம் கறுப்பாகப் போகும். பயந்துகொண்டு மறுபடி நிறுத்திவிட வேண்டாம்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களைக் கொரியாவில் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். கிருமி ஒழிந்தவர்களில் 0.8 சதவீதம் பேருக்கும், ஒழியாதவர்களில் 2.9 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. ஆகவே கிருமியை ஒழிப்பதில் பலன் உண்டு. ஆனால் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். குடல் செல்கள் ஏற்கெனவே முளைத்திருந்தால், கிருமி போன பிறகும் ஆபத்து முழுவதும் போகாது. எண்டோஸ்கோப்பியின்போது சதைத் துணுக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அறிக்கையில் ‘இன்டஸ்டினல் மெட்டாபிளேசியா’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரைப்பையில் குடல் செல்கள் முளைத்திருப்பதற்கு அதுதான் மருத்துவப் பெயர். இருந்தால், அப்பாவுக்குப் புற்றுநோய் இருந்ததையும் சொல்லி, சில வருடங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள். துணுக்கே எடுக்கவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். அப்பாவின் நோயைப் பற்றி விசாரிக்காமலே குழாயை உள்ளே விட்டு எடுத்துவிடும் இடங்கள் இருக்கின்றன. எனக்கு அதில்தான் கோபம்.

எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, பிஸ்மத் எடுக்காமலே மலம் கறுத்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கணவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் உங்கள் மாமனார்தானே அப்பா? அவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்தத்தில் வேண்டாம், மூச்சிலோ மலத்திலோ.