பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். அடுத்த மாதம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்கு வருகிறீர்கள். மகள் ஒன்றாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. "அமெரிக்கப் பள்ளியில் ஒழுக்கம் இருக்காது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்களே, தனியார் பள்ளியில்தான் சேர்க்கணுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார், மருத்துவக் காப்பீடு. காரும் வாடகையும் வந்து இறங்கிய ஒரு வாரத்தில் அலுவலக நண்பர்களே சொல்லிவிடுவார்கள். காப்பீட்டுக்குக் கம்பெனி தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பள்ளிக்கூடம் பற்றித்தான்.

நான் 1998 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் இறங்கியவன். எடிசனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், இரண்டு அறைகளில் ஆறு பேர். கூட்டி வந்த கம்பெனி, ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை சம்பளம் இல்லை என்று வந்த பிறகுதான் சொன்னது. இரண்டரை மாதம் சோறும் ஊறுகாயும்தான். கையில் கொண்டுவந்த முந்நூறு டாலரும் கரைந்தது. அப்போது அங்கே எட்டு வருஷமாக இருந்த ஒருவரிடம், "பிள்ளைகள் படிப்பெல்லாம் இங்கே எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதெல்லாம் கவர்ன்மென்ட் பாத்துக்கும், நீ வேலையைப் பாரு" என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மிக மோசமான அறிவுரை அதுதான். பத்து வருஷம் அதை நம்பியிருந்தேன். நீங்கள் நம்பக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

இங்கே "கவர்ன்மென்ட்" என்று நாம் நினைக்கிற ஒன்று பள்ளியைப் பார்த்துக்கொள்வதில்லை. வாஷிங்டனில் கல்வித் துறை என்று ஒன்று உண்டு. அதற்கான சட்டம் 1979ல் அதிபர் கார்ட்டர் காலத்தில் வந்தது. அடுத்து வந்த ரேகனே அதை மூடிவிட வேண்டும் என்றார். 2025ல் டிரம்ப் அதைக் கலைக்க ஆணையே போட்டார். உங்கள் மகள் என்ன படிக்க வேண்டும் என்பதை அந்தத் துறை என்றைக்கும் தீர்மானித்ததில்லை. பாடத்திட்டத்தின் வரையறை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், மாநிலக் கல்வி வாரியத்தில். எந்தப் புத்தகத்தை வாங்குவது, ஊர்ப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்டாக யாரை வைப்பது என்பதெல்லாம் உங்கள் ஊர் ஸ்கூல் போர்டு. டெக்சாஸில் பெரும்பாலும் ஏழு பேர், ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். இந்த மாநிலத்தில் மாநில வருமான வரி கிடையாது. வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது, உங்கள் வாடகைக்குள்ளும் அந்த வரி ஒளிந்திருக்கிறது. ஆக, அந்தப் பள்ளி உங்களுடையது. யாரோ தருகிற சலுகை இல்லை.

தனியார் பள்ளி இப்போதைக்கு வேண்டாம். அது தவறு என்பதால் அல்ல. ஒரேகான் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டபோது, 1925லேயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றோரின் உரிமை என்றது. டெக்சாஸிலும் 2025ல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் சட்டம் வந்துவிட்டது, நூறு கோடி டாலர் ஒதுக்கினார்கள். நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். வீட்டு முகவரியால் மோசமான பள்ளி எல்லைக்குள் மாட்டிக்கொண்ட ஏழைக்கு வேறு வழி வேண்டாமா? ஆனால் நீங்கள் போகும் ஊரின் அரசுப் பள்ளிகள் நல்லவை. கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தைச் சேமியுங்கள், அதைவிட முக்கியமாக உங்கள் நேரத்தைக் கொடுங்கள்.

என் மகள் கதையைச் சொல்கிறேன். 2008, அவள் ஒன்றாம் வகுப்பு. ரிப்போர்ட் கார்டில் வாசிப்பு நன்றாக இருப்பதாகவே வந்தது. எங்கள் அம்மா பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவர்கள். அந்த வருஷம் விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். "ஏலே, இது படிக்கலை. படத்தைப் பார்த்து வாயில வந்ததைச் சொல்லுது." நான் நம்பவில்லை. அம்மா புத்தகத்தில் இருந்த குதிரைப் படத்தை உள்ளங்கையால் மூடினார்கள். கீழே 'ஹார்ஸ்' என்று இருக்கிறது. அதுவரை அவள் அதை 'போனி', அதாவது மட்டக்குதிரை, என்றுதான் படித்துக்கொண்டிருந்தாள். படம் மறைந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லின் முதல் எழுத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

மறு வாரம் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண்மணி, பிள்ளைகள் மேல் உயிர். "தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று யோசி என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம், தானாக வந்துவிடும்" என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குப் பயிற்சியே அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பது பழைய கால வழி, பிள்ளையின் ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று கல்வியியல் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்து, நாடு முழுக்க அதுவே பரவியிருந்தது.

அம்மா ஊருக்குப் போவதற்குள் நான்கு மாதம் அவளை உட்காரவைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார்கள். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல் வந்தால் 'ஸி ஏ டி' இல்லை, 'க் ஆ ட்' என்று ஒலியாக. சாப்பாட்டு மேசையில் தினம் இருபது நிமிடம். ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரல் நகர வேண்டும். விரல் நின்றால் வாயும் நிற்க வேண்டும். அவள் அழுத நாட்களும் உண்டு. மூன்றாம் வகுப்பில் அவள் தடித்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

இது என் வீட்டுப் பெருமைக்காகச் சொன்ன கதை இல்லை. மிசிசிப்பி மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த நாட்டின் மிக ஏழையான மாநிலங்களில் ஒன்று. 2013ல் தேசியத் தேர்வின் நான்காம் வகுப்பு வாசிப்பில் ஐம்பது மாநிலங்களில் 49வது இடம். அந்த வருஷம் சட்டம் போட்டார்கள்: ஒலியும் எழுத்தும் சேர்த்து முறையாகக் கற்றுக்கொடு, ஆசிரியருக்கு அதில் பயிற்சி கொடு, மூன்றாம் வகுப்பு முடிவில் படிக்கத் தெரியாத பிள்ளையை மேலே தள்ளிவிடாதே. 2024ல் அதே தேசியத் தேர்வில் 9வது இடம். அதே தேர்வில் நாடு முழுக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேர் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. டெக்சாஸும் 2019ல் ஒலிவழி வாசிப்பைக் கட்டாயமாக்கிவிட்டது, அதனால் உங்கள் மகளுக்கு என் மகளுக்கு வந்த கதி வரக் கூடாது. ஆனாலும் சட்டத்தை நம்பி உட்காராதீர்கள். பழைய பழக்கம் வகுப்பறையை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது.

மகன் விஷயம் இதைவிட அவசரம். எட்டாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளியின் ஆலோசகர் (கவுன்சிலர் என்பார்கள்) வயதைப் பார்த்துச் சாதாரணக் கணக்கு வகுப்பில் போட்டுவிடுவார். புதிதாக வந்தவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இங்கே கணக்கு ஏணி மாதிரி: அல்ஜீப்ரா ஒன்று, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவைத் தொட்டால்தான் பன்னிரண்டில் கால்குலஸ். ஒரு வருஷம் பிந்தினால் பொறியியல் படிப்புக்கு மனுப் போடும் நேரத்தில் கையில் கால்குலஸ் இருக்காது. அவன் பழைய மதிப்பெண் பட்டியலைக் காட்டித் தகுதித் தேர்வு வைக்கச் சொல்லுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் 2014ல், எல்லோரும் சமமாக இருக்கட்டும் என்று எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். வசதியுள்ளவன் வெளியே காசு கொடுத்துப் படித்துக்கொண்டான், ஏழைப் பிள்ளைக்குத்தான் கதவு அடைந்தது. 2024ல் ஊர் மக்களே ஓட்டுப் போட்டு அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். திறமை உள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொன்று, வீடு தேடும்போது நம்மவர்கள் பள்ளியின் ரேட்டிங் பத்துக்குப் பத்தா என்று மட்டும் பார்ப்பார்கள். டெக்சாஸில் 1997லிருந்து ஒரு சட்டம்: உயர்நிலைப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதைவிடக் குறைத்து, இப்போது முதல் ஐந்து சதவீதம் என்று வைத்திருக்கிறது. எல்லாரும் கெட்டிக்காரராக இருக்கும் பள்ளியில் உங்கள் மகன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கியும் அந்த வரிசைக்குள் வராமல் போகலாம். நண்பர்களின் பிள்ளைகளில் நான்கைந்து பேருக்கு இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள்.

நம் ஆட்கள் மேல் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவுக்கு ஆயிரம் பேர் வருவார்கள். ஸ்கூல் போர்டு கூட்டத்துக்கு ஒருவர் வரமாட்டார். குடியுரிமை வாங்கிப் பதினைந்து வருஷமானவர்கள்கூட போர்டு தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில், "இந்த ஊர்ப் பள்ளி பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று புலம்பல். சான்பிரான்சிஸ்கோவில் லோவெல் என்ற பெயர்பெற்ற பள்ளியில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டுக் குலுக்கல் முறை கொண்டுவந்தபோது, சீனக் குடும்பங்கள் மடக்கு மேசை போட்டுத் தெருவில் கையெழுத்து வாங்கின. 2022 பிப்ரவரியில் போர்டு உறுப்பினர் மூன்று பேரை ஊரே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளியின் நுழைவுத் தேர்வை 2020ல் எடுத்தபோது, ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. அங்கே இந்தியப் பெற்றோரும் சேர்ந்து வழக்காடினார்கள். 2024ல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. தோற்றாலும் எழுந்து நின்றார்கள், அந்த மரியாதை அவர்களுக்கு உண்டு.

ஓட்டுரிமை இல்லையே என்று நினைக்காதீர்கள். பேசுவதற்கு விசா ஒரு தடை இல்லை. நான் முதல் தடவை போர்டு முன் நின்றபோது கையில் வெறும் எச்-1பி வேலை விசா. சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். மூன்று நிமிடம் தந்தார்கள். மேசை மேல் சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. என் மகள் குதிரையைப் போனி என்று படித்த கதையைச் சொன்னேன். மஞ்சள் வந்தபோது குரல் நடுங்கியது, சிவப்பு வந்தபோது முடித்திருந்தேன். பதில் யாரும் சொல்லவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரனுக்கும் இதேதான்" என்றார். தேவாலயம் போகிற குடும்பம். இன்றுவரை எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வருகிறார்கள். இந்த நாட்டுக்காரன் ஆனேன் என்று எனக்குத் தோன்றியது அந்த ராத்திரிதான். குடியுரிமைச் சான்றிதழ் பிறகுதான் வந்தது.

பிள்ளைகள் படிக்கும் கதைப்புத்தகங்களையும் பாருங்கள். மேரிலாந்தில் மாண்ட்கோமரி கவுண்டியில், சின்ன வகுப்புகளில் பாலினம் பற்றிய கதைகள் படிக்கும்போது தங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டும் என்று முஸ்லிம், கத்தோலிக்க, உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு நமக்கும்தான். யாரையும் வெறுக்கச் சொல்லவில்லை, ஆறு வயதுப் பிள்ளையிடம் எதை எப்போது பேசுவது என்பதைத் தாய் தகப்பன் தீர்மானிக்கட்டும் என்கிறேன். இதே நியாயத்தால்தான், வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லி டெக்சாஸ் 2025ல் போட்ட சட்டத்தை நான் ஏற்கவில்லை. நான் எப்போதும் ஓட்டுப் போடும் கட்சிதான் அதைக் கொண்டுவந்தது. என் பிள்ளைக்குத் திருச்செந்தூர் முருகனைக் காட்டுவது என் வேலை, அந்தப் பாட்டியின் பேரனுக்குப் பைபிளைக் காட்டுவது அவர் வேலை. ஆனால் அதே வருஷம் பள்ளி நேரத்தில் செல்போனுக்குத் தடை போட்டார்களே, அதற்கு இரண்டு கையாலும் கும்பிடு போடுவேன்.

ஒழுக்கம் பற்றிக் கேட்டீர்கள். அது வீட்டிலிருந்துதான் போகிறது. ராத்திரி ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தமிழில் பேசிச் சாப்பிடுங்கள். சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளியை விடாதீர்கள். பிள்ளைமேல் மட்டும் கை வைக்காதீர்கள். உடம்பில் தழும்பைப் பார்த்தால் டீச்சர் புகார் செய்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி.

பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். இங்கே வந்து வாடகை ஒப்பந்தமும் மின்சார பில்லும் கையில் வந்ததும் சொல்லுங்கள், சேர்க்கைக்கு நானும் கூட வருகிறேன். மகளுக்கு நூலகத்தில் படம் போட்ட புத்தகம் ஒன்று எடுத்து, முதல் வாரமே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள்.