சா/த (சாதாரண தரப் பரீட்சை) கணிதத்துக்கு எப்படித் தயாராவது?
தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இரவெல்லாம் டிவி சத்தம், கணிதம் படிக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. சரி, அம்மா கொழுந்து எடுக்கப் போக எழும்பும்போதே நீங்களும் எழும்பிவிடுங்கள். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பெரிய பயன் இல்லை; கொப்பியை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பாருங்கள், எது மறந்தது என்று உடனே தெரியும். அப்புறம் கடந்தகால வினாத்தாள். இரண்டாம் பத்திரத்தில் 3 மணித்தியாலத்துக்குள் 10 கேள்விக்கு விடை எழுத வேண்டும், அதாவது ஒன்றுக்கு 18 நிமிடம்தான், அதனால் மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துச் செய்துவிட்டு புள்ளித்திட்டத்தோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் கடைசி விடை பிழைத்தாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு, நம் பிள்ளைகள் பயந்து வெறுமையாக விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பிழைத்த கணக்கைச் சில நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். வினாத்தாள்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.