அணைத்து வைத்த போனைக் கருவி காட்டுமா?

கேள்வி: வகுப்பில் பிள்ளைகள் போன் பார்க்காமல் இருக்க போன் சிக்னலை முடக்கும் ஒரு சின்ன ஜாமர் வாங்கலாமா? (ஆற்காடு டியூஷன் ஆசிரியர்)

வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் தனியார் ஜாமர் வைப்பது சட்டவிரோதம்.

கேள்வி: காட்பாடியில் மாணவர் விடுதி நடத்துகிறேன். ஒளித்த போனை ரேடியோ சிக்னலை வைத்தே காட்டும் என்று விளம்பரம் பார்த்து 4,500 ரூபாய்க்கு ஆன்லைனில் கருவி வாங்கினேன். காலி அறையில் கத்துகிறது, தலையணைக்கடியில் போன் இருக்கும்போது சும்மா இருக்கிறது. பழுதா?

பழுதில்லை ஐயா, அதால் முடிந்ததே அவ்வளவுதான். உங்களை ஏமாற்றியது விளம்பரம். சும்மா கிடக்கும் போன் பெரும்பாலும் டவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும், வாய் திறக்காது. அழைப்போ எஸ்.எம்.எஸ்ஸோ வந்தால், டேட்டா ஓடினால், இல்லை 'இங்கேதான் இருக்கேன்' என்று டவருக்குச் சொல்லும் முறை வந்தால்தான் சிக்னல் விடும். அந்த முறை வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அது நெட்வொர்க் வைக்கும் கணக்கு. பழைய 2ஜி போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால் மணி அடிக்கும் முன்பே ஸ்பீக்கர் 'டட்டட் டட்டட்' என்று இரையுமே, அதுதான் அந்தப் பேச்சு. ஸ்விட்ச் ஆஃப் செய்த போன் டவரோடு பேசவே பேசாது.

நானும் இப்படி ஒன்றை லாங்கு பஜாரில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வைஃபை ரவுட்டர் பக்கம் போனதும் ஐந்து விளக்கும் எரிந்தது. மேசையில் கிடந்த என் போன்மேலேயே வைத்தேன், ஒன்றுகூட எரியவில்லை. வீட்டில் மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன், உடனே ஐந்தும் எரிந்தது. எந்த அலை போனுடையது, எது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்று மலிவுக் கருவிக்குப் பிரிக்கத் தெரியாது. அணைந்த போனையும் பிடிக்கும் கருவி உண்டு: தானே அலையை அனுப்பி, போனுக்குள் இருக்கும் செமிகண்டக்டர் சிப்பில் பட்டு, இரண்டு மூன்று மடங்கு அதிர்வெண்ணோடு திரும்பும் அலையை (ஹார்மோனிக்) கேட்கும். லட்சக்கணக்கில் விலை, துருப்பிடித்த ஆணியைக்கூடப் போன் என்று காட்டும்.

பில்லையும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றே எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யுங்கள். விற்றவர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போகவேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 4,500 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குடியாத்தம் பஸ்ஸில் போன் தொலைந்தது. டிடெக்டர் வாங்கித் தேடலாமா? பில் இல்லை, பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

தம்பி, பக்கத்தில் போனாலே தடுமாறும் கருவி ஊர் முழுக்க எப்படித் தேடும்? போலீசில் புகார் கொடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்குங்கள். அந்த எண் பில்லிலும் பெட்டியிலும்தான் இருந்தது! ஆண்ட்ராய்டு என்றால் அந்த எண் கூகுள் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். அடுத்த போன் வாங்கிய அன்றே *#06# அடித்து எண்ணை எழுதி வையுங்கள்.