மளுக்கப்பாறை தாண்டினதும் மேப் காலியாகுது: பதில்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வழியா சாலக்குடி போறப்போ, எல்லையை ஒட்டின கேரள ஊரான மளுக்கப்பாறையைத் தாண்டினதும் போன் மேப்ல ரோடு மறையுது, ஜிபிஎஸ் கோளாறான்னு கேட்டிருந்தீங்க. ஜிபிஎஸ்ல கோளாறு இல்லை. நீலப் புள்ளி நகருது, ரோடு மட்டும் தெரியலைன்னா, நீங்க டவுன்லோடு பண்ணின ஆஃப்லைன் மேப் பெரும்பாலும் கேரள எல்லையோட நின்னிருக்கும். சாட்டிலைட் சிக்னலுக்கு டவர் வேண்டாம். மேப் படத்துக்குத்தான் நெட் வேணும்.

கூகுள் மேப்ஸ்ல ஆஃப்லைன் கட்டத்தைப் பொள்ளாச்சியிலிருந்து சாலக்குடி வரை இழுத்து, வைஃபைல மறுபடி டவுன்லோடு பண்ணுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டிலேயே ஃபிளைட் மோடு போட்டு, மளுக்கப்பாறைக்கு அப்புறம் வர்ற வாழச்சால் பக்கம் பெரிசாக்கிப் பாருங்க. ரோடு மங்கலா, பேர் இல்லாம இருந்தா கட்டம் பத்தலை.

பேப்பர் மேப் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. கண்டிப்பா வாங்குங்க, ஆனா தூரத்தை அதுல அளக்காதீங்க. ஆழியாறு ஏற்றத்தோட 40 கொண்டை ஊசி வளைவும் அதுல ஒரு சின்னக் கோடுதான். ஊர் வரிசைக்கு அது அருமை: ஆழியாறு, அட்டகட்டி, வால்பாறை, சோலையாறு, மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிடுங்க. எஸ்டேட் ரோடு பிரியுற இடத்துல போனை விட இது கைகொடுக்கும்.

ஒண்ணு கவனம்: ராத்திரி வனத்துறை செக்போஸ்ட் மூடியிருக்கும், ஆஃப்லைன் மேப் அப்பவும் அதே வழியைத்தான் காட்டும். கேட் நேரத்தை வால்பாறையிலேயே விசாரிச்சுட்டு இறங்குங்க.