குடும்பத்தோடு பாய்மரப் படகில் குனா யாலா: கேள்வி பதில்

பனாமாவின் கரீபியன் கரையோரம் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. பழைய வரைபடங்களில் சான் பிளாஸ் என்றிருக்கும். அங்கே வாழும் குனா மக்களுக்கு அது குனா யாலா. கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு பாய்மரப் படகு என்று அந்தப் பக்கம் நாங்கள் நெடுநாள் சுற்றியதால் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

அக்கா, பழங்குடி மக்களைப் போய்ப் பார்ப்பதே தப்பில்லையா? அந்தமானில் செண்டினல் தீவுக்கு யாரும் போகக் கூடாது என்கிறோமே?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வடக்கு செண்டினல் மக்கள் வெளியாள் வேண்டாம் என்பதை அம்பெய்தே சொல்லிவிட்டார்கள். 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் தடுக்கிறது. அங்கே பேச்சுக்கே இடமில்லை.

குனாக்களின் நிலைமை வேறு. அவர்களுக்கென்று பொதுப் பேரவை இருக்கிறது. யார் வரலாம், என்ன கட்டணம், எதெல்லாம் கூடாது என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். இந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. அந்தக் காலத்தில் பனாமா அரசு தீவுகளில் போலீஸை நிறுத்தி, பெண்கள் மூக்கு வளையம் போடக் கூடாது, மோலா என்ற தையல் வேலைப்பாட்டுத் துணி உடுத்தக் கூடாது, சடங்கு நடத்தக் கூடாது என்று கெடுபிடி செய்தது. 1925 பிப்ரவரியில் நெலே கந்துலே, சிம்ரல் கோல்மன் தலைமையில் மக்கள் எழுந்தார்கள். மார்ச் மாதம் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலில் வைத்து உடன்பாடு ஆனது. 1938-ல் தனி ஆட்சிப் பகுதியாகச் சட்டம் வந்தது. வெளியாள் அங்கே நிலம் வாங்க முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, கேட்டு, அவர்கள் விதிப்படி நடந்தால் போவதில் தப்பில்லை என்பது என் கருத்து. கேட்காமல் போவதாக இருந்தால் போகவே வேண்டாம்.

ஊருக்குள் போக யாரிடம் அனுமதி கேட்பது?

ஒவ்வொரு ஊருக்கும் தலைவர் உண்டு, சாய்லா என்பார்கள். நாட்டுக்குள் நுழையும் சோதனையையும் பதிவையும் முடித்துவிட்டு ஊர் முன்னால் நங்கூரம் போட்டதுமே அவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். கடற்கரையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் கூட்டிப் போவார்கள். நங்கூரக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாகவே நிறைய வைத்திருங்கள்.

நீச்சல் உடையோடு ஊருக்குள் நடக்காதீர்கள். ஊர்க் கூட்டம் நடக்கும் பெரிய ஓலை வீட்டில் சாய்லா ஏணையில் படுத்தபடி முன்னோர் கதையை ராகமாகப் பாடுவார். பாடி முடித்ததும் இன்னொருவர் எழுந்து அதன் பொருளை எல்லோருக்கும் விளக்குவார். உங்களை உள்ளே கூப்பிட்டால் பிள்ளைகளோடு போய்ப் பின்பக்கப் பலகையில் அமைதியாக உட்காருங்கள். கூப்பிடாவிட்டால் வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்? பவளப்பாறை பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். பாறைகளில் மோதி உடைந்த படகுகள் அங்கங்கே கிடப்பதைப் பார்ப்பீர்கள். புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் சூறாவளித் தொல்லை கிடையாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, ஆனால் வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கும். மழைக்காலத்தில் காற்று அடங்கியிருக்கும். ஆனால் திடீரென்று பெருநிலப் பக்கமிருந்து ஒரு பலத்த காற்று வரும், சொக்கோசானா என்று பெயர். இடி மின்னலும் அதிகம். நங்கூரச் சங்கிலியைத் தாராளமாக விடுங்கள்.

மின்னணு வரைபடத்தை மட்டும் நம்பி நுழைவது கூடவே கூடாது. சில இடங்களில் அது காட்டும் இடமும் நிஜமும் ஒத்துப்போகாது. சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்கும்போது நுழையுங்கள். ஒருவர் முன்முனையில் நின்று தண்ணீர் நிறத்தைப் பார்க்க வேண்டும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு தெரிந்தால் பாறை. இந்த வேலையை எங்கள் மகளிடம்தான் விட்டிருந்தோம், அவள் கண் அவ்வளவு கூர்மை. இருட்டிவிட்டால் வெளியே கடலிலேயே காத்திருங்கள்.

ஆளில்லாத தீவில் பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கலாமா?

வேண்டாம். அங்கே ஆளில்லாத தீவு இருக்கலாம், உடைமையாளர் இல்லாத தீவு இல்லை. ஒவ்வொரு தென்னையும் ஒரு குடும்பத்துக்கோ ஊருக்கோ சொந்தம். தேங்காய்தான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வருமானம். கொலம்பிய வணிகப் படகுகள் வந்து வாங்கிப் போகும். ஒரு காலத்தில் தேங்காயே பணமாகப் புழங்கியது. மணலில் விழுந்து கிடப்பதையும் தொடாதீர்கள். காவலுக்கு இருக்கும் குடும்பத்திடம் கேட்டால் அவர்களே வெட்டிக் கொடுப்பார்கள், காசு கொடுத்துவிடுங்கள்.

படம் எடுக்கலாமா? ட்ரோன்? ஸ்கூபா?

ட்ரோன், காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா இரண்டுக்கும் தடை. முகமூடி, சுவாசக் குழாயோடு நீந்தலாம். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். பல இடங்களில் படத்துக்கு ஒரு டாலர் கேட்பார்கள். மார்ச் முதல் மே வரை சிங்கி இறால் பிடிக்கத் தடைக்காலம், யாராவது கொண்டு வந்தாலும் வாங்காதீர்கள்.

மோலா வாங்கும்போது நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெண்கள் ரவிக்கையின் முன்னும் பின்னும் வைத்துத் தைக்கும் துணிதான் மோலா. இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேலே வண்ணத் துணிகளை அடுக்கி, மேல் துணியைக் கோலம்போல வெட்டி, ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைப்பார்கள். அடியில் இருக்கும் நிறம் கோடாக எட்டிப் பார்க்கும். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள். நல்ல மோலாவில் கோடுகள் எல்லாம் ஒரே அகலம், வளைவில் துணி சுருங்கியிருக்காது, தையல் தடவினால்தான் தெரியும். அவசரத்தில் செய்ததில் நூல் வெளியே தெரியும், இடைவெளியை வெறும் முக்கோணத் துண்டுகளால் நிரப்பியிருப்பார்கள்.

ஒரு பாட்டி என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊசியைக் கையில் கொடுத்தார். அவள் தைத்த நாலு தையலையும் பொறுமையாகப் பிரித்துவிட்டு, மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே மறுபடி தைத்துக் காட்டினார். அந்த நுணுக்கத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் விலையை அடித்துப் பேசாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தைத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுங்கள்.

தீவுகள் மூழ்குகின்றன என்பது நிஜமா?

நிஜம். பல தீவுகள் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கார்தி சுக்துப் தீவிலிருந்து சுமார் 300 குடும்பங்களுக்குப் பெருநிலத்தில் இஸ்பெர் யாலா என்ற புது ஊர் கட்டி, 2024 ஜூனில் குடியேற்றம் தொடங்கியது. கடல்மட்ட உயர்வோடு இட நெருக்கடியும் காரணம். சிலர் தீவிலேயே இருக்கிறார்கள். அங்கே போனால் பேரழிவைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேள்வி கேட்டு அவர்களைத் துளைக்காதீர்கள்.

என்ன கொண்டு போகலாம்?

மிட்டாய் வேண்டாம். தையல் ஊசி, நல்ல நூல், தூண்டில் முள், படிக்கும் கண்ணாடி ஆகியவை உண்மையில் பயன்படும். குப்பையைக் கழுவி, நசுக்கி, படகிலேயே வைத்துப் பெருநில நகரத்துக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள். காசு கொடுத்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னாலும் கொடுக்காதீர்கள், தீவில் அதைப் போட இடமே கிடையாது. மரத்தைக் குடைந்து செய்த தோணியில் வந்து செல்போன் சார்ஜ் போட்டுத் தரச் சொல்வார்கள். தயங்காமல் செய்து கொடுங்கள். யாருடைய போன் எது என்று மட்டும் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.