கேஸ் தள்ளுபடி ஆனால் கடனும் தள்ளுபடியா?

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி என் மீது பாலக்காடு மாவட்டம் சித்தூர் முன்சீப் கோர்ட்டில் போட்ட கேஸ் போன மாதம் டிஸ்மிஸ் ஆனது. வங்கி வக்கீல் வரவில்லையாம். பொள்ளாச்சியில் வேலை என்பதால் நானும் போகவில்லை. இப்போது வசூல் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "இரண்டாயிரம் கட்டி இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மலையாளத்தில் அச்சடித்த தாளை நீட்டுகிறார். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. கடைசியாகப் பணம் கட்டி 4 வருடம் ஆகிறது.
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்டுக்கு வேண்டியது இரண்டாயிரம் அல்ல, அந்தத் தாள்தான்.

காரணம் இது. பாக்கிக்கு வழக்குப் போடக் கெடு 3 வருடம். கெடு தாண்டிய பிறகு வெறுமனே பணம் கட்டினால் கெடு உயிர்பெறாது. ஆனால் 'பாக்கியைத் தருகிறேன்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3)-ன்படி அது புது ஒப்பந்தம். அதை வைத்துப் புதிதாகக் கேஸ் போடலாம். 'வாசிக்கத் தெரியாமல் போட்டேன்' என்பதைக் கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு.

அடுத்து, உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அன்று யார் ஆஜரானார்கள் என்ற வரியைப் பாருங்கள். நீங்கள் போயிருந்து வங்கி மட்டும் வராதிருந்தால், அதே பாக்கிக்கு மறுபடி கேஸ் போடவே முடியாது. இருவருமே வராததால் வங்கிக்கு இரண்டு வழி: 30 நாளுக்குள் பழைய கேஸை மீட்க மனுப் போடலாம், அல்லது கெடுவுக்குள் புதுக் கேஸ் போடலாம். இடையில் நீங்கள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் இரண்டாவது வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. பழைய கேஸ் நடந்த நாட்களைக் கெடுவில் கழிக்கவும் முடியாது. முதல் வழியில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டும் வரலாம். ஆகவே கோர்ட் நோட்டீஸ் வந்தால் வாங்குங்கள், இந்த முறை லீவு போட்டாவது போங்கள்.

ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் போன் செய்யக்கூடாது. அடையாள அட்டை, வங்கியின் அதிகாரக் கடிதம் இரண்டையும் கேளுங்கள். மிரட்டினால் தேதி, நேரத்தோடு வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஓம்பட்ஸ்மேனுக்கு.

கேஸ் போனாலும் கடன் கணக்கில் நிற்கும், சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவிலும் தெரியும். பேசி முடிக்க விரும்பினால், இறுதித் தொகை எழுதிய வங்கிக் கடிதம் கைக்கு வந்தபின் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம்.